மண்ணைக் காக்க அரசாங்க உதவி: எந்தக் கந்தோரில், எப்படிக் கேட்பது?



"ஐயா, மரக்கறித் தோட்டத்து மண்ணெல்லாம் மழையில போகுது. கவர்மெண்டு இதுக்கு ஏதாவது குடுக்குமா?" இந்தக் கேள்வி அடிக்கடி நமது கந்தோருக்கு வருகிறது. குடுக்கும் என்பதுதான் பதில். ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கிடைக்காது, ஒரே கந்தோரிலும் கிடைக்காது. கேட்கிற முறை தெரியாமல் நாலு கந்தோர் ஏறி இறங்கி, இரண்டு நாள் பெயரையும் விட்டு, வெறுங்கையோடு வருகிறவர்கள்தான் அதிகம். ஆகவே இம்முறைப் பாடத்தில் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. மழை விட்ட உடனே லயத்துக்குக் கீழே உள்ள கானைப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் ஓடும். அந்த நிறம்தான் நமது மேல்மண். நீங்கள் போட்ட சாணம், வாங்கிப் போட்ட பசளை, காய்ந்து மக்கிய இலை எல்லாம் அந்த மேல் மூன்று நாலு அங்குலத்துக்குள்தான் இருக்கின்றன. அது போனபின் மூட்டை மூட்டையாகப் பசளை போட்டாலும் பயிர் பழையபடி வராது. 2021ம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்ட காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இலைக் குப்பையும் சாணமும் சேர்த்து மண்ணைக் காத்து வைத்திருந்த வீட்டுத் தோட்டங்கள் அப்போது ஓரளவு தாக்குப் பிடித்தன. சுரண்டியால் வெறுமையாகச் சுரண்டி வைத்திருந்த நிலங்கள் படுத்துவிட்டன.

அரசாங்க உதவி என்றதும் நம் ஆட்கள் காசை மட்டுமே நினைக்கிறார்கள். உண்மையில் உதவி பல வகையாக வருகிறது. ஓர் உத்தியோகத்தர் நிலத்துக்கு வந்து பார்த்து ஆலோசனை சொல்வது ஒன்று. கன்று, விதை, புல் தண்டு போன்ற பொருளாகத் தருவது இன்னொன்று. பயிற்சி வகுப்பு வேறு. செலவில் ஒரு பங்கை மானியமாகத் தருவது கடைசி. முதலில் சொன்னதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் நமது அனுபவத்தில் அதுதான் பெரிய உதவி. ஏனென்றால் அந்த உத்தியோகத்தர் ஒருமுறை நிலத்தைப் பார்த்துவிட்டால், அடுத்த முறை கன்றோ மானியமோ வரும்போது உங்கள் பெயர் அவருக்கு ஞாபகம் வரும்.

மானியம் முழுச் செலவையும் தராது என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கமல்ல. அமெரிக்காவில் 1935ம் ஆண்டு பெரிய புழுதிப் புயல்கள் அடித்து விளைநிலங்களின் மண் வானத்துக்குப் பறந்தபோது, அந்த அரசாங்கம் மண் காப்புக்கென்றே தனிச் சேவை ஒன்றை ஏற்படுத்தியது. இன்றும் அங்கே விவசாயி தன் பகுதிக் கந்தோருக்குப் போய், உத்தியோகத்தரோடு சேர்ந்து நிலத்துக்கு ஒரு திட்டம் எழுதுகிறார். பிறகுதான் காசுப் பேச்சு. அதுவும் பொதுவாகச் செலவில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் தொடங்கிய வேலைக்குச் சாதாரணமாகப் பணம் இல்லை. இந்தக் கடைசி விஷயம் நமக்கும் நன்றாகப் பொருந்தும். கீழே மறுபடி சொல்கிறோம்.

காணி யார் பெயரில்?

எந்தக் கந்தோருக்குப் போனாலும் முதல் கேள்வி இதுதான்.

"காணி யாரு பேர்ல?"

"தோட்டத்துக் காணிங்க ஐயா."

"அப்ப நாங்க ஒண்ணும் செய்ய ஏலாது."

இத்தோடு பேச்சு முடிந்து திரும்பி வந்தவர்கள் பலர். இதில் உத்தியோகத்தரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவருடைய பாரத்தில் காணி உரிமைக்கு ஒரு கூடு இருக்கிறது, அதை அவர் நிரப்பியாக வேண்டும். ஆனால் உங்கள் கையில் உள்ள நிலம் எந்த வகை என்று தெரிந்தால், அந்தப் பேச்சு அங்கே முடிய வேண்டியதில்லை.

லயத்துக்கு முன்னாலோ ஆற்றோரத்திலோ நீங்கள் மரக்கறி போடும் துண்டு பெரும்பாலும் அரசாங்கத்துக்குச் சொந்தமானது. 1972ம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டத்தாலும் 1975ம் ஆண்டுத் திருத்தத்தாலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ம் ஆண்டு முதல் கம்பனிகள் அவற்றை நிர்வகிக்கின்றன. ஆகவே அந்தத் துண்டுக்கு உங்களிடம் உறுதி இருக்காது. தோட்ட நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் மட்டும் பெறலாம். "இன்னார் இந்த டிவிசனில் இந்த இடத்தில் இவ்வளவு பரப்பில் இத்தனை வருடமாகப் பயிர் செய்கிறார், மண் காப்பு வேலை செய்ய எமக்கு ஆட்சேபணை இல்லை" என்று துரை எழுதித் தந்தால் போதும். அது காணி உரிமைக் கடிதம் அல்ல, அப்படி எழுதும்படி கேட்கவும் வேண்டாம். கேட்டால் ஒன்றும் கிடைக்காது. ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தை நிர்வாகம் பெரும்பாலும் தரும். மண் அரித்துத் தேயிலை மலைக்குக் கீழே உள்ள ரோட்டையும் கானையும் மூடுவது அவர்களுக்கும் நட்டம்தானே. இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு காசு மானியம் கேட்பது கஷ்டம். ஆலோசனை, பயிற்சி, கன்று, புல் தண்டு கேட்கலாம்.

அடுத்தது, தனி வீட்டுத் திட்டத்தில் கிடைத்த 7 பேர்ச்சஸ். ஒரு பேர்ச்சஸ் 272¼ சதுர அடி. அப்படியானால் 7 பேர்ச்சஸ் ஏறக்குறைய 1,900 சதுர அடி. அதில் வீடும் கழிவறையும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். பல மானியத் திட்டங்களுக்குக் குறைந்தபட்சப் பரப்பு ஒன்று உண்டு, இந்த 7 பேர்ச்சஸ் அதற்குள் வராது. வீட்டுத்தோட்டத் திட்டங்களுக்கு மட்டும் பொருந்தும். ஆனாலும் உறுதி கையில் உள்ளவர்கள் அதைப் பத்திரமாக வையுங்கள், போட்டோப் பிரதி இரண்டு எடுத்து வையுங்கள். உறுதி இன்னும் வராதவர்கள் வீடு கையளித்த கடிதத்தையாவது வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, தோட்டத்துக்கு வெளியே குடியேற்றக் கிராமத்திலோ நாட்டுப்புறத்திலோ உள்ள காணி. நமது குடும்பங்களில் சிலருக்கு அப்படி அரை ஏக்கர், ஒரு ஏக்கர் இருக்கிறது. விலைக்கு வாங்கியதென்றால் உறுதி இருக்கும். அரசாங்கம் கொடுத்ததென்றால் 1935ம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ இருக்கும். இவர்களுக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கிறது. ஆனால் இவர்கள்தான் கேட்காமல் இருக்கிறார்கள்! பெர்மிட் அப்பா பெயரில் இருந்து, அப்பா காலமாகி, பெயர் மாற்றாமல் விட்டுவைத்த குடும்பங்கள் எத்தனை? பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் அதைச் சரிசெய்யாமல் ஒரு மானியமும் நகராது.

எந்தக் கந்தோர்?

விவசாயப் போதனாசிரியர், அதாவது நாம் 'ஏ.ஐ.' என்று சொல்லுகிறவர், மரக்கறி, வீட்டுத்தோட்டம், மண் காப்பு எல்லாவற்றுக்கும் முதல் ஆள். சாதாரணமாகக் கமநல சேவை நிலையத்தை, நம் ஆட்கள் 'கொவிஜன' என்று சொல்லும் கந்தோரை, ஒட்டியே அவரைக் காணலாம். அவர் பாதி நாள் வெளியில் நிலம் பார்க்கப் போய்விடுவார். கந்தோரில் இருக்கும் நாள் எது என்று விசாரித்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் பெயர் நட்டம். போகுமுன் 1920 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தும் பேசலாம். அது விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம்.

கமநல சேவை நிலையம் 2000ம் ஆண்டின் 46ம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. விவசாய நிலப் பதிவேடும் கமக்காரர் அமைப்புப் பதிவும் அங்கேதான். வெளியே காணி உள்ளவர்கள் அந்தப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிலத்தில் வேலை செய்வது அம்மா, பதிவேட்டில் இருப்பது ஐயா. ஐயா கொழும்பில் கடையில் நிற்கிறார். உத்தியோகத்தர் வந்து கையெழுத்துக் கேட்டால் ஆள் இல்லை. பயிர் செய்கிறவர் யாரோ அவருடைய பெயரும் விண்ணப்பத்தில் வரும்படி பாருங்கள். பெண்கள் இதைக் கேட்டு வாங்க வெட்கப்பட வேண்டாம்.

சொந்தத் தேயிலை வைத்திருப்பவர்கள் தேயிலைச் சிறுதோட்ட அபிவிருத்தி அதிகாரசபைக்குப் போக வேண்டும். 1975ம் ஆண்டின் 35ம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. 10 ஏக்கருக்குக் குறைந்த தேயிலைக் காணிகள் அதன் பொறுப்பு. மீள்நடுகைக்கு மானியம் உண்டு, ஆனால் ஒரேயடியாகக் கைக்கு வராது. ஒவ்வொரு கட்டமும் முடிந்து, பரிசோதகர் பார்த்துக் கையெழுத்து வைத்த பிறகு தவணை தவணையாக வரும். பழைய செடி பிடுங்கியபின் மானாப் புல் அல்லது குவாத்தமாலா புல் போட்டு 18 முதல் 24 மாதம் மண்ணை ஆறவிட வேண்டும் என்பது தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் விதி. "இரண்டு வருசம் புல்லையா பாத்துக்கிட்டு இருக்கிறது?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தப் புல்லை வெட்டி வெட்டி நிலத்திலேயே போட்டால்தான் பின்னால் நடுகிற கன்று நிற்கும். அந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்தால் பரிசோதகர் கையெழுத்தும் வராது.

கொஞ்சம் தாழ்வான இடங்களில் மிளகு, கராம்பு, கோப்பி வைக்க விரும்புகிறவர்களுக்குப் பேராதனையில் தலைமையகம் உள்ள ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் இருக்கிறது. அதன் கள உத்தியோகத்தர் பகுதிக்கு ஒருவர். கிளிரிசிடியா மரத்தில் மிளகு ஏற்றினால் வருமானமும் வரும், சரிவும் மூடியிருக்கும். பேராதனையிலேயே விவசாயத் திணைக்களத்தின் இயற்கை வள முகாமைத்துவ நிலையமும் இருக்கிறது. 1951ம் ஆண்டின் 25ம் இலக்க மண் காப்புச் சட்டத்தின் வேலையைப் பார்ப்பது அதுதான். அந்தச் சட்டம் 1996ல் திருத்தப்பட்டது. மண் அரிக்கும் பிரதேசம் என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் காணிக்காரர் மண் காப்பு வேலை செய்யும்படி கட்டளையிடவும் அதில் இடமுண்டு. ஆகவே "மேல்வளவுக்காரன் கானை நம்ம பக்கம் திருப்பிட்டான்" என்று சண்டை பிடிக்குமுன், ஏ.ஐ. மூலம் அந்த நிலையத்துக்குத் தெரிவிக்கலாம்.

உத்தியோகத்தர் வருமுன் நாம் செய்யக்கூடியது

வெறுங்கையோடு "மண் போகுது" என்று சொல்கிறவருக்கும், "எனது நிலத்தில் நாலு சமமட்டக் கோடு போட்டுக் குச்சி அடித்திருக்கிறேன், வேலிக்கு 300 தண்டு வேண்டும்" என்று சொல்கிறவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவது ஆளின் விண்ணப்பம் மேலே போகும். குச்சி அடிப்பதற்குக் காசு தேவையில்லை, 'ஏ' சட்டம் ஒன்று போதும். அதை வீட்டிலேயே செய்யலாம்.

ஏழு அடி நீளமான இரண்டு நேரான கம்புகளை எடுத்து, மேல் நுனிகளைச் சேர்த்துக் கட்டுங்கள். நடுவில் குறுக்கே மூன்றரை அல்லது நாலு அடிக் கம்பு ஒன்றைக் கட்டினால் ஆங்கில 'ஏ' எழுத்து மாதிரி நிற்கும். மேல் முடிச்சிலிருந்து நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூல் குறுக்குக் கம்பைத் தாண்டித் தொங்க வேண்டும். இனி இரண்டு காலும் நிற்கும் இடத்தில் நிலத்தில் அடையாளம் வைத்து, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு கீறுங்கள். பிறகு சட்டத்தைத் திருப்பி, வலது கால் நின்ற இடத்தில் இடது காலும் இடது கால் நின்ற இடத்தில் வலது காலும் வரும்படி வையுங்கள். நூல் தொடும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நட்ட நடுவில் மூன்றாவது கோடு கீறுங்கள். நூல் அந்த நடுக்கோட்டில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன என்று அர்த்தம்.

நிலத்தின் ஓரத்தில் ஒரு குச்சி அடித்து, ஒரு காலை அங்கே வையுங்கள். மற்றக் காலைச் சரிவில் மேலும் கீழுமாக நகர்த்தி, நூல் நடுக்கோட்டுக்கு வந்ததும் அங்கே குச்சி அடியுங்கள். அந்தக் குச்சியிலிருந்து அடுத்தது. இப்படியே மறு ஓரம் வரை போனால் சமமட்டக் கோடு வந்துவிடும். காற்றடிக்கும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள், நூல் ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டு பேர் வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதை நம்மைவிட வேகமாகச் செய்கிறார்கள்.

கோட்டுக்குக் கோடு 4 முதல் 6 மீற்றர் இடைவெளி இருக்கலாம். சரிவு கூடினால் நெருக்கமாக வையுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் அரை மீற்றர் இடைவெளியில் இரட்டை வரிசையாகக் கிளிரிசிடியா நட்டு, இடுப்பளவுக்கு மேல் வளரவிடாமல் வெட்டி, வெட்டிய கொப்பை வேலியின் அடியிலும் பயிருக்கும் போட வேண்டும். மேலிருந்து வரும் மண் வேலியில் தங்கித் தங்கி, சில வருடத்தில் தானாகவே படி மாதிரி ஆகிவிடும். இந்த முறை பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டனாவோவில் 1970களில் உருவானது. நமது மலைகளுக்கும் ஏற்றது. ஆனால் நுவரெலியா போன்ற உயரமான குளிர் இடங்களில் கிளிரிசிடியா நன்றாக வராது. அங்கே மானாப் புல், குவாத்தமாலா புல், டடாப் மரம் பாருங்கள். மாடு வைத்திருப்பவர்களுக்குக் குவாத்தமாலா புல்லால் இரட்டை லாபம். கல் நிறைந்த இடமென்றால் கல்லுக்கட்டே போதும், அதற்கு ஒருவரிடமும் மானியம் கேட்க வேண்டியதில்லை.

குச்சி அடித்த பிறகு, நடுகிற வேலையைத் தொடங்குமுன், நிலத்தை நாலு பக்கமும் போனில் படம் எடுத்து வையுங்கள். மானியம் கேட்பதாக இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். உத்தியோகத்தர் பார்த்து அனுமதி தருமுன் கான் வெட்டிக் கன்றும் நட்டுவிட்டால், "முடிஞ்ச வேலைக்குக் காசு இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். சொந்தத் தேயிலையைப் பிடுங்குகிறவர்களுக்கும் இதே விதிதான்.

எப்போது, எந்த மொழியில்?

அரசாங்கத்தின் நிதி வருடம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஒக்டோபரில் போய்க் கேட்டால் "இந்த வருசத்துக் காசு முடிஞ்சிது" என்ற பதில்தான் கிடைக்கும். வருடத் தொடக்கத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். மானியத் தொகை வருடத்துக்கு வருடம் மாறும், ஆகவே போன வருடம் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்த தொகையைக் கணக்கு வைத்துக் கடன் வாங்க வேண்டாம். நடுகைக் காலமும் இடத்துக்கு இடம் வேறு. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே மாதத்தில் தென்மேற்குப் பருவ மழை தொடங்கும். ஊவாப் பக்கம் ஒக்டோபருக்குப் பிறகுதான் நல்ல மழை. அதற்குக் கணக்காகக் கன்றுக்குச் சொல்லி வையுங்கள்.

விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். தமிழும் அரசகரும மொழி என்பது அரசியலமைப்பிலேயே இருக்கிறது. சிங்களத்தில் மட்டும் பாரம் தந்தால் தமிழ்ப் பாரம் கேளுங்கள், மரியாதையாகக் கேளுங்கள். வாசிக்கத் தெரியாத பாரத்தில் கையெழுத்து வைக்கவே கூடாது. ஒரு கந்தோரில் நமது தொழிலாளி ஒருவர் கன்று வாங்கியதாக நினைத்துக் கையெழுத்து வைத்தார். பாரத்தில் இருந்தது அவர் வாங்காத பசளையும் சேர்த்து. பிறகு அதைத் திருத்த ஆறு மாதம் பிடித்தது.

கொடுக்கும் எல்லாவற்றுக்கும் பிரதி வைத்து, அதில் திகதி முத்திரை வாங்குங்கள். கட்டணம் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது தராத ஆளுக்குக் காசு கொடுக்காதீர்கள். டவுனில் பாரம் நிரப்பித் தருகிறோம், கையெழுத்தும் எடுத்துத் தருகிறோம் என்று நிற்கும் புரோக்கர்மாருக்கும் இது பொருந்தும். பல மாதமாகப் பதிலே வராவிட்டால், 2016ம் ஆண்டின் 12ம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தக் கந்தோரின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். மிரட்டுகிற மாதிரி எழுதத் தேவையில்லை. "எனது இன்ன திகதி விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது?" என்று ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்கே பல கோப்புகள் அசைந்திருக்கின்றன.

தனியாகப் போவதைவிட ஒரு டிவிசனில் பத்துப் பதினைந்து குடும்பம் சேர்ந்து போவது நல்லது. பதினைந்து பேரின் துண்டும் ஒரே சரிவில் இருந்தால், மேல் வீட்டுக்காரர் மண்ணைக் காத்தால்தான் கீழ் வீட்டுக்காரர் காத்ததும் நிலைக்கும். உத்தியோகத்தருக்கும் பதினைந்து வீட்டுக்கு ஒரே பயணம் போதும்.

மானியம் கேட்கக் கூடாத நிலம்

ஒரு விஷயத்தைக் கடைசியாகச் சொல்கிறோம், இதைத் தனியாக வாசியுங்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்து போன மரம், கோணலான மின்கம்பம், சுவரில் திடீர்ப் பிளவு, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, தெளிந்த ஊற்று திடீரென்று கலங்கி வருவது. இவை தெரிந்தால் அது மண்சரிவு அபாயம். புல் வைத்தோ கல்லுக்கட்டியோ அதை நிறுத்த முடியாது. அங்கே கான் வெட்டினால் தண்ணீர் உள்ளே இறங்கி நிலைமை மோசமாகலாம். 2014ம் ஆண்டு ஒக்டோபர் 29ம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மலை மூடியதை நாம் எல்லோரும் அறிவோம். அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே சொல்லப்பட்டிருந்தது.

அப்படியான இடத்தைக் கிராம உத்தியோகத்தருக்கும் தோட்டக் கந்தோருக்கும் எழுத்தில் அறிவித்து, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையைக் கேட்க வேண்டும். அந்தப் பரிசோதனை அறிக்கைதான் பின்னால் மாற்று இடமோ வீடோ கேட்பதற்கு அடிப்படை. மழை நேரத்தில் இந்த அடையாளம் தெரிந்தால் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு முதலில் வெளியேறுங்கள், பிறகு 117க்குப் போன் எடுங்கள். அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம்.

துரைக்குக் கொடுக்கும் ஆட்சேபணையின்மைக் கடிதத்துக்கான மாதிரியும் 'ஏ' சட்டம் ஒன்றும் நலன்புரிக் கந்தோரில் வைத்திருக்கிறோம். சட்டத்தை இரவல் கொண்டு போகலாம். வரும்போது அடையாள அட்டைப் பிரதியும், காணிக் கடிதம் எது இருந்தாலும் அதுவும் கொண்டு வாருங்கள்.